டிரிபிள்-ஏ போட்டியா, ஏஏயூ போட்டியா?

1900களின் அமெச்சூர் தடகளத்தில், அதாவது பணம் வாங்காமல் ஓடுபவர்களின் தடகளத்தில், இங்கிலாந்தின் டிரிபிள்-ஏ (அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன்) பட்டப் போட்டிக்குத்தான் வயது அதிகம். 1880இல் லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானத்தில் ஆரம்பித்தது. அமெரிக்காவின் ஏஏயூ (அமெச்சூர் அத்லெடிக் யூனியன்) சங்கமே 1888இல்தான் பிறந்தது.

களத்தைப் பார்த்தால் அமெரிக்கப் போட்டிதான் சுவாரஸ்யம். எங்கே பெரிய பொருட்காட்சி நடக்கிறதோ அங்கே போய் நிற்கும்: 1905 போர்ட்லேண்ட், 1909 சியாட்டில், 1915 சான்பிரான்சிஸ்கோ. ஆங்கிலேயர்களோ 1909க்குப் பிறகு 1931 வரை லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜை விட்டு நகரவே இல்லை. ஆமாம், செல்சி கால்பந்து மைதானம்தான்.

எறிதலிலும் அமெரிக்கர்கள் தாராளம். 56 பவுண்டு எடையைக்கூட வீசினார்கள். டிரிபிள்-ஏவில் வட்டு, ஈட்டி எல்லாம் 1914இல்தான் வந்தன. ஆனால் நெடுந்தூர ஓட்டம் என்றால் நான் இங்கிலாந்து பக்கம்தான்: ஆல்ஃபிரட் ஷ்ரப் 1901 முதல் 1904 வரை 4 மைல் ஓட்டத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பணம் வாங்கக் கூடாது என்ற விதியில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கெடுபிடி. 1900 முதல் 1903 வரை டிரிபிள்-ஏ பட்டத்தின் 100 கெஜ ஓட்டத்தைத் தொடர்ந்து வென்றவர் அமெரிக்கரான ஆர்தர் டஃபி. பணம் வாங்கியதை அவரே எழுத, 1905இல் ஏஏயூ அவருடைய சாதனைகளை அழித்தது. ஷ்ரப்பையும் ஏறக்குறைய அதே நேரத்தில் ஆங்கிலேயர்கள் விலக்கினார்கள்.