கோட்டூர்புரம் நூலகத்தின் தரைத்தளம்: பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டாளிகளோடு அனுப்பிவைக்க ஓர் இடம்

சென்னையில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீடுகளில் எல்லாம் நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பற்றித்தான். மாடிகளில் இருக்கும் புத்தகங்களுக்காக இல்லை, அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நம் புத்தகத்தை நாமே கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கலாம் என்று தரைத்தளத்தில் ஒரு பிரிவு இருக்கிறதே, அதற்காக.

2010 செப்டம்பர் 15-ல் திறந்த நூலகம், 8 ஏக்கர், 9 தளம். இதை மருத்துவமனையாக்கப் போகிறோம் என்று 2011-ல் ஒரு முடிவு வந்து, உயர் நீதிமன்றம் தடை போட்டதால் தப்பியது, அந்தத் தடைக்கு இன்றைக்கும் நன்றி சொல்ல வேண்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. சொந்தப் புத்தகத்துக்கு இடம் தருகிற பிரிவு என்பதால் டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி, வங்கித் தேர்வு, சிஏ என்று ஏதாவது ஒன்றுக்குத் தயாராகிறவர்கள்தான் இங்கே அதிகம். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். நடுநடுவே பள்ளிப் பிள்ளைகள். இந்தக் கலவைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் அண்ணன் மகன் பதினொன்றாவது படிக்கிறான். நல்ல பையன், அவன் கூட்டாளிகளும் நல்ல பையன்கள்தான், ஆனால் நாலு பேரும் ஒன்று சேர்ந்தால் தனியாக யாருமே செய்யாத ஒன்றைச் செய்துவைப்பார்கள். முன்பு அவன் போன டியூஷன் சென்டரில் எல்லாருக்கும் ஒரே வயசு, வகுப்பு விட்டதும் வாசலில் லைசென்ஸ் இல்லாத ஒருவனுடைய பைக்கில் மூன்று பேர் ஏறுவார்கள், ஹெல்மெட் பேச்சே கிடையாது. வீட்டில் தனியாக உட்காரவைத்துக் கேட்டால் அது எவ்வளவு ஆபத்து என்று அவனே நமக்கு விளக்குவான். புத்தி இல்லாமல் இல்லை, பக்கத்தில் நிற்கிறவர்கள் பார்க்கும்போது அந்தப் புத்தி வேலை செய்வதில்லை.

இதை அமெரிக்காவில் மார்கோ கார்டனரும் லாரன்ஸ் ஸ்டீன்பெர்க்கும் 2005-ல் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதுதான் கணக்கு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது தனியாக ஆடியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்தை எடுத்தார்கள். 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. பிறகு 2016-ல் ஸ்டீன்பெர்க் குழு இன்னொன்று செய்தது, எனக்கு அதுதான் முக்கியம்: 18 முதல் 22 வயது இளைஞர்களின் குழுவில் 25-30 வயதுக்காரர் ஒருவரை உட்காரவைத்தார்கள், ஆபத்தை நோக்கி ஓடுகிற அந்த வேகம் தணிந்துவிட்டது. அப்பா, வாத்தியார் வயசு தேவைப்படவில்லை, கொஞ்சம் மூத்தவர் ஒருவர் கூட இருந்ததே போதுமாக இருந்தது.

தரைத்தளத்தில் நான் கண்ணால் பார்த்ததும் அதேதான். அண்ணன் மகனுக்கு எதிரே ஒரு பெண், குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர் போல. வந்ததும் போனைக் கவிழ்த்துப் புத்தகப்பைக்கு அடியில் தள்ளினார், ஒரு துண்டுத் தாளில் அன்றைக்கு முடிக்க வேண்டிய பாடங்களை எழுதி மேஜை ஓரத்தில் வைத்தார், ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். இவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் இவன் கையிலும் துண்டுத் தாள்! போன் நோட்டுக்கு அடியில். "என்னடா இது புதுசா?" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் அத்தை படிக்கிறாங்க" என்றான். பைக்கில் ஏறியதற்கும் இதே பதிலைத்தான் சொன்னான், "எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்று. பையன் மாறவில்லை, அவனுக்கு "எல்லாரும்" என்பது இப்போது வேறு ஆட்கள், அவ்வளவுதான்.

அதனால் கூட்டாளிகளிடமிருந்து பிரித்து இங்கே தனியாக அனுப்பாதீர்கள். இரண்டு பேரையாவது சேர்த்து அனுப்புங்கள், நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் மட்டும் பேச்சுதான் நடக்கும், பிரிந்து உட்காரச் சொல்லுங்கள். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிக்க வேண்டாம், வேலை கெட்டுவிடும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தத் தளம் வேண்டாம், சோர்ந்துபோவார்கள், அவர்களுக்கு முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது.

சனி, ஞாயிறு கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது. ஏசிக்கு ஒரு முழுக்கைச் சட்டை கொடுத்தனுப்புங்கள். பறக்கும் ரயிலில் வருபவர்கள் கோட்டூர்புரத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம், பைக் தேவையில்லை.