காட்டுக் களை: கையா, மருந்தா, பூச்சியா?

சிங்கப்பூர்க் காட்டில் களை பிடுங்கப் போகிறேன் என்றால் நம் ஆட்கள் உடனே கேட்பது, "மருந்தடித்தால் போதாதா?" ஊரில் சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டியவர்கள் அப்படிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தச் செடி மறுபடி எதிலிருந்து முளைக்கிறது என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சான்சிபார் வள்ளிக்கொடியைப் பாருங்கள். இதய வடிவ இலை. நுனி மட்டும் நீண்டு கறுத்திருக்கும். மர உச்சிவரை ஏறி மூடிவிடும். இலைக்கணுக்களில் குட்டிக் கிழங்குகள் காய்க்கும். கொடியை இழுத்தால் பொலபொலவென உதிரும். சருகுக்குள் ஒன்று தப்பினாலும் முளைத்துவிடும். மருந்து தெளித்தால் கொடி வாடும், உதிர்ந்து கிடக்கும் கிழங்கு தப்பித்துவிடும். குனிந்து பொறுக்கத்தான் வேண்டும், மண்ணுக்குள் இருப்பதையும் தோண்ட வேண்டும். முதுகு கழன்றுவிடும், இப்போதே சொல்லிவிட்டேன்.

மருந்தை நான் முழுதாக ஒதுக்கவில்லை. சவுண்டல் (ஊரில் ஆட்டுத்தழை, இங்கே களை) வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வெட்டிய கையோடு அடிக்கட்டையில் மட்டும் பூசினால் சரி. தெளிப்பது வேண்டாம், மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் வடிவதே காட்டிலிருந்துதான்.

பூச்சியை விட்டு அடக்குவது கேட்க நன்றாக இருக்கிறது. தென்னமெரிக்காவின் கிளிடெமியா, உடம்பெல்லாம் ரோமம் உள்ள புதர். கருநீலப் பழம் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேல் பொடி விதை. இதற்காக ஃபிஜியில் 1930இல் ஓர் இலைப்பேனை (செடியின் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சி) விட்டார்கள். வெயில் படும் நிலத்தில் புதர் அடங்கியது. அதையே 1953இல் ஹவாயில் விட்டபோது, மர நிழலில் இருந்த புதரை அது ஒன்றும் செய்யவில்லை. இங்கே புக்கித் தீமாக் காட்டில் கிளிடெமியா உள்ளே புகுவது நிழலில்தான்! போதாக்குறைக்கு, இங்கே இயல்பாக வளரும் செண்டுடோக் அதன் உறவுச் செடி, பூச்சி அதன்மேலும் கைவைக்குமோ என்ற பயம் வேறு.

டெங்கியை அடக்க அடுக்குமாடி புளோக்குகளில் 2016 முதல் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய கொசு விடுகிறார்களே என்பீர்கள். அது கடிக்காத ஆண் கொசு. அதோடு கூடிய பெண் இடும் முட்டை பொரிக்காது. விடுவதை நிறுத்தினால் கதை முடிந்தது. செடி தின்னும் பூச்சி அப்படியில்லை, ஒருமுறை நிலைத்துவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

மைக்கேனியா போன்ற வெயில்விரும்பிக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு நாட்டு மரக்கன்று நட்டால், நிழல் விழுந்ததும் தானே நலியும். கிளிடெமியாவிடம் அந்தப் பாச்சா பலிக்காது. மழைக்குப் பின் மண் இளகியிருக்கையில், பழுக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள்.

அப்புறம், பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதியில்லாமல் செடி பிடுங்குவது குற்றம், அது களையாகவே இருந்தாலும். தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியர்களோடு சேர்ந்து போங்கள்.