நான்கு வருட ஹெட்ஃபோன், புது இயர் பேட், இடையில் புகும் அந்தப் பெண்மணி

போன வாரம் நண்பன் ஒருவன் மெசேஜ் அனுப்பினான். "மச்சான், நீ வச்சிருக்கிற ஹெட்ஃபோன் விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து அதே ஹெட்ஃபோனின் பழைய இயர் பேட்டை, அதாவது காதைச் சுற்றி அமர்கிற மெத்தையை, கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம், எரிச்சல் இரண்டும் ஒரே மணி நேரத்தில் வந்து போயிருந்தன. அதனால் இது கொஞ்சம் நீளும்.

காதை முழுவதும் மூடுகிற, வயரில்லாத, நாய்ஸ் கேன்சலிங் வகை. நான்கு வருடமாகத் தினமும் மூன்று மணி நேரமாவது தலையில் இருக்கிறது. டிரைவர் அளவு, புளூடூத், கோடெக் பற்றியெல்லாம் ஏற்கெனவே எல்லோரும் எழுதித் தள்ளியாயிற்று. அதற்குள் நான் போகவில்லை.

வாங்கிய அன்று பாட்டு எதுவும் போடாமல் சும்மா மாட்டிக்கொண்டு நாய்ஸ் கேன்சலிங்கை ஆன் செய்தேன். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தால், ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் இத்தனை நாள் என்னை அழுத்திக்கொண்டிருந்தது என்பதே அது போன பிறகுதான் தெரிந்தது. தோள் இரண்டும் தாமாக இறங்கின. வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேரெதிர் அலையை உள்ளே விட்டு இரண்டையும் மோதவிட்டுக் காலி செய்கிற வித்தை இது. பால் லூயெக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஃபேன், ஏசி, வண்டி என்ஜின் மாதிரி தாழ்ந்த, ஒரே சீரான சத்தத்தைத்தான் நன்றாக விழுங்கும். பேச்சுக்குரலும் நாய்க் குரைப்பும் மெலிந்தாவது வந்து சேரும். பூரண நிசப்தம் கிடைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். சிலருக்குக் காதை அடைத்த மாதிரி இருக்கும். எனக்கும் ஒரு வாரம் இருந்தது, அப்புறம் மறந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது வருடக் கடைசியில் எனக்குப் பாட்டே பிடிக்காமல் போக ஆரம்பித்தது.

ஒரே நாளில் நடந்ததில்லை. முன்பு கை மயிர் கூச்செறியும் இடங்கள் வந்தன, போயின. கை அப்படியே இருந்தது. தம்புரா கொசு ரீங்காரம் மாதிரி கேட்டது. மிருதங்கத்தின் இடது பக்கத்தில் எழும் அந்தக் குமுறல் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற சத்தமாகிவிட்டது. வயதாகிறது, மனசு காய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒருநாள், இந்தப் பாடகர் இப்போதெல்லாம் ஈடுபாடு இல்லாமல் பாடுகிறார் என்றுகூடச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தது பல வருடங்களாக நான் கொண்டாடிய அதே பழைய பதிவு! வால்யூம் மட்டும் பாதியிலிருந்து முக்காலுக்கு ஏறியிருந்தது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபெல்லுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் எதில் கேட்டேன் என்று யோசிக்காமல் இருப்பது நல்லது.

காரணம் தெரிந்தது ஒரு தலையணையால். ஒருக்களித்துப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது இடது காதில் மட்டும் தம்புரா பொங்கி எழுந்தது. வலது காதில் அதே கொசு. தலையைத் தூக்கினேன், இடதும் கொசுவானது. மறுபடி தலையணையில் அழுத்தினேன், திரும்பி வந்தது. எழுந்து உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தேன். ஒரு வருடமாகக் காணாமல் போயிருந்த பேஸ், அந்தத் தாழ்ந்த ஒலி, முழுவதும் வந்து நின்றது. நடுராத்திரியில் தலையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து வீட்டில் தலைவலி மாத்திரை வேண்டுமா என்று கேட்டார்கள்.

இந்த வகை ஹெட்ஃபோனில் தாழ்ந்த ஒலி தங்க வேண்டுமானால் காதைச் சுற்றிக் காற்றுப் போகாமல் மூடியிருக்க வேண்டும். இடுக்கு விழுந்தால் முதலில் ஓடிவிடுவது பேஸ்தான். இயர் பேட்டின் உள்ளிருக்கும் ஃபோம் அமுங்கி, மேல்தோல் வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு என் மூக்குக்கண்ணாடிக் காம்பு வேறு அதில் பள்ளம் தோண்டி வைத்திருந்தது. நாய்ஸ் கேன்சலிங்கும் அதே வழியில் பாதி போய்விட்டிருந்தது. வால்யூம் ஏன் ஏறியது என்பதற்கும் காரணம் உண்டு: ஒலியளவு குறையும்போது நம் காது தாழ்ந்த சுரங்களைத்தான் அதிகமாகத் தவறவிடும் என்று ஃப்ளெட்ச்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஓடிப்போன பேஸைத் தேடித்தான் என் விரல் மேலே மேலே போயிருக்கிறது. மனசு காயவில்லை, ஃபோம்தான் அமுங்கியிருக்கிறது. இது ஆறுதலா அவமானமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. என் உருக்கத்தின் சாவி ஒரு துண்டு பஞ்சிடம் இருந்திருக்கிறது.

பேட் மாற்றுவது சுலபம். பழைய அட்டை ஒன்றை இடுக்கில் விட்டு நெம்பினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடுபடும். புதியதை வைத்து டக் டக்கென்று சுற்றிலும் அழுத்தினால் முடிந்தது. வலது, இடது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மாற்றி மாட்டிவிட்டு மறுபடி கழற்றினேன்.

மாட்டியதும் முதலில் பாட்டுக் கேட்கவில்லை. அப்பாவின் வாய்ஸ் மெசேஜ் ஒன்று ஃபோனில் இருக்கிறது. 11 விநாடி. "கேட்டைப் பூட்டிட்டியாப்பா? சரி... சரி. தூங்கு." அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. இதை எப்போதும் ஃபோன் ஸ்பீக்கரிலேயே கேட்பது வழக்கம். ஆண்களின் பேச்சுக்குரலின் அடிச்சுரம் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். ஃபோனின் குட்டி ஸ்பீக்கருக்கு அது எட்டாது. பழைய தொலைபேசி லைனோ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் அனுப்பியது. மேலே உள்ள சுரங்களை வைத்துக்கொண்டு மூளையே அடியை ஊகித்துக்கொள்ளும். அப்படியானால் வெளியூரிலிருந்து இத்தனை வருடம் ஃபோனில் நான் கேட்ட அப்பா பாதி அவர், பாதி என் ஊகம்.

ஹெட்ஃபோனில் அவர் முழுசாக வந்தார். "சரி" என்று ஒன்று, இழுத்து. நெஞ்சிலிருந்து வரும் அந்தக் கரகரப்பு, முதுகில் சாய்ந்து கேட்டால் அதிருமே, அது. இரண்டாவது "சரி" முதலாவதைவிடத் தாழ்ந்து உள்ளேயே முடியும். அதற்காகக் காத்திருந்தேன்.

"பேட்டரி லோ. ப்ளீஸ் ரீசார்ஜ்."

இவளைப் பற்றித்தான் நான்கு வருடமாக எழுத நினைத்துக்கொண்டிருக்கிறேன். சார்ஜ் குறைந்ததும் ஓடுகிற ஒலியைத் தானாகத் தாழ்த்திவிட்டு, வரவேற்பறையில் டோக்கன் எண் கூப்பிடுகிற தொனியில் பேசுவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பேசுவாள். ஆப்பில் அவள் மொழியை மாற்றலாம், வாயை மூட முடியாது. புதிதாக வாங்கியபோது ஒரு சார்ஜ் 28 மணி நேரம் வந்தது. இப்போது 15 தாண்டினால் அதிசயம். பேட்டரி தேய்வதைக் குறை சொல்ல மாட்டேன், எல்லா பேட்டரியும் தேயும். ஆனால் பேட்டரி தேயத் தேய இவள் வருகை இரட்டிப்பாகிறதே, அதை யாராவது யோசித்திருக்க வேண்டாமா? ஒரு சின்ன பீப் போதாதா?

பாட்டில் சிலிர்ப்பு வரும்போது மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரக்கிறது என்று மாண்ட்ரியால் ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். உச்சத்தில் மட்டுமில்லை, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் சில விநாடிகளிலேயே, மூளையின் வேறொரு பகுதியில், சுரப்பு தொடங்கிவிடுகிறதாம். அந்தக் காத்திருப்பைத்தான் இவள் குறி வைக்கிறாள் என்பது என் நான்கு வருட அனுபவம். தற்செயலாக இருக்கலாம். நான் நம்பவில்லை.

நியாயமாகச் சொன்னால் ஒலி அருமை. கீல் இன்னும் உறுதி. நாய்ஸ் கேன்சலிங் புது பேடோடு முதல் நாள் மாதிரி வேலை செய்கிறது. பட்டன்கள் ஒன்றுகூடக் கெடவில்லை. தலையில் எடையே தெரியாது.

நண்பனுக்கு "வாங்காதே" என்று பதில் போட்டேன்.

"அப்ப உன்னோடதை எனக்குக் குடுத்துடு" என்றான். முடியாது என்றேன். அடுத்த முறை மாற்றுவதற்கு இன்னொரு ஜோடி இயர் பேட் ஆர்டர் போட்டாயிற்று.