ஆஸ்துமா, கொதிப்பு, முட்டி வலி: எந்த மாத்திரை?

நம் வீட்டுப் பெரியவர்கள் பலரிடம் ஆஸ்துமா, இரத்தக் கொதிப்பு, முட்டி வலி மூன்றும் சேர்ந்தே இருக்கும். வலிக்குப் போடும் மாத்திரை மற்ற இரண்டையும் சீண்டக் கூடாது. போட்டியில் இருப்பவை பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் வகை, எட்டோரிகாக்சிப்.

வம்பு அதிகம் ஐபுபுரோஃபென் வகையில்தான். டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் எல்லாம் இதே குடும்பம். வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதை இவை தடுக்கும். அந்த வழி அடைபட்டதும் சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூகோட்ரையீன் பெருகிவிடும். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு சுமார் 7 பேருக்கு இப்படி ஆகலாம். மாத்திரை போட்ட அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகும், இளைப்பு வரும். மூக்கில் சதை வளர்ந்தவர்களும் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் இந்தப் பக்கமே போக வேண்டாம். இளைப்பு வராதவரும் தப்பிவிட்டதாக நினைக்க முடியாது: கொதிப்பு ஏறலாம். கொதிப்புக்கான லோசார்ட்டானோடு, சிறுநீரைக் கூடுதலாகப் போகவைக்கும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவருக்குச் சிறுநீரகமே அடி வாங்கலாம்.

எட்டோரிகாக்சிப் மூச்சுக்குழாயைப் பொதுவாக வம்புக்கு இழுக்காது. ஆனாலும் ஆஸ்பிரின் ஒவ்வாதவர் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அப்புறம், கொதிப்பு 140/90-க்கு மேலேயே நிற்பவருக்கு இது ஆகாது. சிறுநீரகக் கவலையும் அப்படியே இருக்கிறது.

பாராசிட்டமால் வீக்கத்துக்குச் சுமார்தான். இருந்தும் என் ஓட்டு முதலில் இதற்கே. 500 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு 8-க்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் அதைவிடக் குறைவு. எதிரே உள்ள அங்காடியில்கூடக் கிடைக்கிறதே என்று தினமும் விழுங்கவும் கூடாது. கொதிப்பு உள்ளவர்கள் நாளுக்கு 4 கிராம் வீதம் இரண்டு வாரம் சாப்பிட்டபோது மேல் அளவு சுமார் 5 புள்ளி ஏறியதாக 2022-இல் வெளிவந்த எடின்பரோ ஆய்வு சொல்கிறது. தண்ணீரில் கரையும் மாத்திரையில் சோடியம் அதிகம். சாதா மாத்திரையே போதும். சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கும், கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

சிங்கப்பூரில் கார்டியன், வாட்சன்ஸ் போன்ற மருந்துக்கடைகளில் மருந்தாளர் இருக்கும் கிளையாகப் பார்த்துப் போங்கள். “அம்மாவுக்கு இளைப்பு இருக்கு, பிரஷருக்கு இதெல்லாம் சாப்பிடுறாங்க” என்று சொல்லி, ஹெல்த்ஹப் என்னும் அரசாங்கச் சுகாதாரச் செயலியில் உள்ள மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். தனியார் கிளினிக்கில் வாங்கியது அதில் விட்டுப்போயிருக்கலாம், அதை வாயால் சொல்லுங்கள். கண் சொட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம்: கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால், கண்ணில் விட்டாலும் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.