சென்னைக் கட்டிடங்களை அட்டையில் செய்வது: ஆண்டு கடந்தும் நின்றவை, நிற்காதவை

குழந்தைகளோடு சென்னையின் அடையாளங்களை அட்டையில் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சென்ட்ரல் ரயில் நிலையத்தில்தான் தொடங்குவார்கள். சிவப்பு நிறமும் மணிக்கூண்டும் எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் அப்படி. ஆனால் முதலில் செய்ய வேண்டியது மெரினா கலங்கரை விளக்கம். ஐந்து வயதுப் பிள்ளையால் செய்ய முடியும், ஒரே உட்காரலில் முடியும், எங்கள் அலமாரியில் கோணாமல் அதிக நாள் நிற்பதும் அதுதான்.

காரணம் அதன் வடிவம். பலரும் டிஷ்யூ உருளையில் சிவப்புப் பட்டை சுற்றி, இதுதான் கலங்கரை விளக்கம் என்று கொடுத்துவிடுகிறார்கள். 1977இல் திறக்கப்பட்ட இந்தக் கோபுரம் உருளை அல்ல, மூன்று பக்கம் கொண்டது. பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் கீழே நின்று சுற்றிவரச் சொன்னால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அட்டை வேலைக்கு இது பெரிய வசதி. மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் முக்கோணம் வேறு வடிவத்துக்குப் போகவே முடியாது. நான்கு பக்கக் குழாய் அப்படி இல்லை. உள்ளே தாங்கல் இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் ஒரு பக்கமாகச் சரிந்து சாய்சதுரமாகிவிடும்.

அளவு இது. 300 ஜி.எஸ்.எம். ஐவரி அட்டை, ஏ4 ஒன்று. அகலத்தில் 19.5 செ.மீ. மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுங்கள். 6, 12, 18 செ.மீ. குறிகளில் நெடுக்குக் கோடு போட்டு, மை தீர்ந்த ரீஃபில் முனையால் அளவுகோலை ஒட்டி அழுத்தி இழுக்க வேண்டும். கடைசி ஒன்றரை செ.மீ. ஒட்டுவதற்கான மடிப்பு. உயரம் 29.7 செ.மீ. என்பதால் 3.3 செ.மீ. வீதம் சரியாக ஒன்பது பட்டைகள் வரும். சிவப்பு ஐந்து, நடுவில் வெள்ளை நான்கு. இது மாதிரிக்காக நாம் வைத்துக்கொள்ளும் கணக்கு. சிவப்புத் தாள் பட்டைகளை 18 செ.மீ. நீளத்தில் வெட்டி, அட்டை தட்டையாக இருக்கும்போதே ஒட்டி, காய்ந்த பிறகு மடிக்க வேண்டும். மடித்த பிறகு ஒட்டினால் மூலைகளில் தாள் தூக்கிக்கொள்ளும்.

ஒட்டும் மடிப்பில் கிரையான் படவே கூடாது. பிள்ளைகள் ஓரம் வரை வண்ணம் தீட்டத்தான் செய்வார்கள். மெழுகின் மேல் ஃபெவிகால் பிடிக்காது. அன்று ஒட்டினது போலத் தெரிந்து இரண்டு வாரத்தில் வாய் பிளந்துவிடும். தீட்டுவதற்கு முன் மடிப்பின் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் போட்டுவைத்து, பிறகு உரித்துவிடுவது நல்லது. ஒட்டியதும் மேலும் கீழும் துணிக் கிளிப் மாட்டி அரை மணி நேரம் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ராத்திரி முழுக்க விட வேண்டும். உச்சியில் 8 செ.மீ. பக்கமுள்ள முக்கோண அட்டையும், அதன்மேல் ஒளி ஊடுருவும் பாட்டில் மூடி ஒன்றும் போதும். அடியில் 12 செ.மீ. சதுரப் பலகையும், உள்ளே சின்ன மணல் பொட்டலமும் இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றுக்கே விழும்.

இந்த வேலைகள் எல்லாவற்றிலும் பலர் கவனிக்காமல் விடுவது அட்டையின் நார் ஓடும் திசை. அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் முதுகோடு நீளவாட்டில் நார் ஓடுகிறது. மடிப்புக் கோடு நாருக்கு இணையாக இருந்தால் சுத்தமாக மடியும். குறுக்கே இருந்தால் மேல்தாள் வெடித்து வெள்ளைக் கீறல் தெரியும்.

நேப்பியர் பாலத்தில் இது இன்னும் முக்கியம். 1869இல் கட்டிய பாலம், கூவத்தின் மேல் வெள்ளை வில் வளைவுகள். 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது கறுப்பு வெள்ளைக் கட்டமாக வண்ணம் பூசியதால் இப்போதும் பிள்ளைகள் அந்தக் கட்டங்களைத்தான் கேட்கிறார்கள். வெள்ளைப் பட்டையில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டுக் கொடுக்கலாம், தடையில்லை. வளைவுக்கு ஒன்றரை செ.மீ. அகலம், 19 செ.மீ. நீளமுள்ள பட்டை வேண்டும். இரு முனையிலும் ஒன்றரை செ.மீ. மடிப்பு. சாலைப் பலகையில் 14 செ.மீ. இடைவெளியில் ஊன்றினால் நடுவில் மூன்று, மூன்றரை செ.மீ. உயரம் வரும். பட்டையை ஏ4 அட்டையின் 21 செ.மீ. பக்கத்துக்கு இணையாக வெட்டினால் பெரும்பாலும் நார் குறுக்கே அமைந்து, வளைவு சீராக வரும். நெடுக்கே வெட்டிய பட்டை வளையாமல் இரண்டு மூன்று இடத்தில் முறிந்து முறிந்து நிற்கும்.

பாலம் கெடுவது ஒரே விதத்தில்தான். வளைவு எப்போதும் தன் கால்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சாலையின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டினால் சில மாதத்தில் முனைகள் நகர்ந்து வளைவு தட்டையாகிவிடும். உண்மைப் பாலத்தில் இந்தத் தள்ளலைத் தாங்குவது வில்லுக்கு நாண் போல இரு முனைகளையும் இழுத்துப் பிடிக்கும் தளம். அதையே இங்கும் செய்யலாம்: அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய சாலைப் பலகையில் கீறல் போட்டு, பட்டையின் முனையை அதற்குள் விட்டு, அடியில் உள்பக்கமாக மடித்து ஒட்டுங்கள். அதற்குப் பிறகு முனை நகர வழியே இல்லை. தொங்கு தூண்களுக்குத் துடைப்பத்து ஈர்க்குச்சி போதும். நடுவில் உயரமாகவும் ஓரத்தில் குட்டையாகவும் அளந்து வெட்டுவது எட்டு வயதுக்கு மேல் அருமையான அளவைப் பயிற்சி.

எல்.ஐ.சி. கட்டிடத்துக்குப் புதிதாக அட்டை மடிக்கவே வேண்டாம். பிஸ்கட்டோ ஓட்ஸோ வந்த தட்டையான பெட்டி ஒன்றைப் பிரித்து, அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி திருப்பி ஒட்டினால் வண்ணம் பூசத் தகுந்த சாம்பல் பரப்பு கிடைக்கும். அச்சுப் பக்கத்தின் பளபளப்பில் போஸ்டர் கலர் நிற்காது, காய்ந்ததும் செதிலாக உதிரும். திருப்பிய பெட்டிக்குள் இரண்டு இடத்தில் குறுக்கு அட்டை வைத்தால்தான், மேலே சொன்ன சரிவு வராது. சன்னல்களை வரையச் சொல்லாதீர்கள். இருபதாவது சன்னலில் சலித்துவிடும். அரை செ.மீ. சதுரமாக வெட்டிய அழிப்பானை வெள்ளை வண்ணத்தில் தொட்டு அச்சுக் குத்தினால் நான்கு வயதுப் பிள்ளையும் விடாமல் முழுப் பக்கத்தையும் முடிக்கும்.

இந்தக் கட்டிடம் 1959இல் திறந்தது, உயரம் 177 அடி. பத்து அடிக்கு ஒரு செ.மீ. என்று வைத்தால் 17.7 செ.மீ. அதே கணக்கில் 1913இல் கட்டிய ரிப்பன் மாளிகையின் 132 அடி மணிக்கூண்டு 13.2 செ.மீ., 252 அடி நீள முகப்பு 25.2 செ.மீ. வரும். வள்ளுவர் கோட்டத் தேர் 128 அடி, அதாவது 12.8 செ.மீ. எல்லாவற்றையும் ஒரே பலகையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இந்த அளவை விடாதீர்கள். எது எதைவிடப் பெரியது என்று பிள்ளைகள் தாங்களே ஒப்பிடுவதில் கிடைக்கும் அறிவு வேறு எதிலும் கிடைக்காது. அப்படிச் செய்யும்போது கலங்கரை விளக்கத்தின் அளவுகளை எல்லாம் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

ரிப்பன் மாளிகையை முகப்பாக மட்டும் செய்வதே போதும். அட்டை மடிப்பில் தடித்துவிடும் என்பதால் சாதாரணத் தாளை நடுவில் மடித்து, பாதி முகப்பை வரைந்து வெட்டி, விரித்து அச்சாக வைத்து அட்டையில் கோடு இழுக்கவும். நடுக்கூண்டும் இருபுற வளைவுச் சன்னல்களும் தானாகவே சமமாக அமையும். பின்னால் இரண்டு செங்கோண முக்கோணத் தாங்கிகள். வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை மாளிகை தெரியாது. நீல அட்டைப் பின்னணி அவசியம். அழுக்கு விரல் அடையாளம் ஏறுவதும் இதில்தான் அதிகம். அதைத் துடைக்க ஈரத்துணி வேண்டாம், அழிப்பான் போதும்.

இதே முறையில் அதன் அருகிலுள்ள சென்ட்ரலையும் செய்யலாம். ஆனால் சிவப்புச் சார்ட் தாள் சன்னல் வெயிலில் சில மாதத்தில் வெளிறி இளஞ்சிவப்பாகும். செங்காவி நிற போஸ்டர் கலர் அவ்வளவு வெளிறவில்லை. வண்ணத்தில் தண்ணீர் அதிகமானால் அட்டை படகாக வளையும். பின்பக்கமும் ஒரு கை வெறும் தண்ணீர் பூசி, காயும்போது கனமான நோட்டுகளுக்கு அடியில் வைத்தால் நிமிரும்.

மயிலைக் கோபுரத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஏழு நிலைக்கும் அளவு குறைத்துக் குறைத்து அட்டைப்பெட்டி அட்டையை வெட்ட வேண்டும். அதற்குக் கட்டர் தேவை, அது பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். களிமண்ணில் பொம்மை செய்து ஒட்டினால் காய்ந்து சுருங்கி ஒவ்வொன்றாக உதிரும். தெர்மாகோலில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயிண்டும் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கும். ஃபெவிகால் மட்டுமே அதற்கு ஒத்துவரும். மைதாப் பசை செலவில்லாததுதான், ஆனால் கரப்பானும் புத்தகப் பூச்சியும் தேடிவந்து தின்னும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் குழந்தைகள் தொடும் பொருளுக்குக் கூடவே கூடாது, அது விஷம்.

வள்ளுவர் கோட்டத் தேர் கல்லால் ஆனது, அதன் சக்கரம் உருளாது. திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்து அமைத்தது என்பதால் பிள்ளைகள் உருளத்தான் வேண்டும் என்பார்கள். உருளட்டும். ஒரே அளவுள்ள நான்கு பாட்டில் மூடிகளின் நடுவில் சூடான ஊசியால் பெரியவர் துளையிட்டுத் தர வேண்டும். அச்சு மூங்கில் குச்சி. அது சுழலக் காகித ஸ்ட்ராவைத் தேரின் அடியில் ஒட்ட வேண்டும். மூடிக்கும் ஸ்ட்ராவுக்கும் இடையே இரண்டு மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒட்டும்போது பசை ஒரு சொட்டு ஸ்ட்ராவுக்குள் இறங்கினாலும் சக்கரம் நின்றுவிடும். அதனால் மூடியின் வெளிப்பக்கத்தில் மட்டும் பசை வைத்து, தேரைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு பக்கம் காய்ந்த பிறகே மறுபக்கத்துக்குப் போகவும்.