டூல்பார் எக்ஸ்டென்ஷன் கற்றுத்தருகிறோம் என்று பணம் கேட்டால், முதலில் மேனிஃபெஸ்ட் ஃபைலைக் காட்டச் சொல்லுங்கள்

புரோகிராமிங்கை இப்போதுதான் தொடங்கியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பிரவுசர் டூல்பாரில் சொந்தமாக ஒரு பட்டன், அதை அழுத்தினால் திறக்கும் சின்ன ஜன்னல், அதாவது எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் சிறு நிரல்) செய்யக் கற்றுத்தருவதாக ஓர் ஆன்லைன் பயிற்சி நிறுவனம் தமிழில் விளம்பரம் செய்கிறது. "லேட்டஸ்ட் பாடத்திட்டம்" என்று சொல்லி என்னிடம் 6,500 ரூபாய் வாங்கினார்கள்.

முதல் பாடத்தில் கொடுத்த ஃபோல்டரை குரோமில் ஏற்றியதுமே, இந்த மேனிஃபெஸ்ட் வெர்ஷனை ஏற்க முடியாது என்று எரர் வந்தது. மேனிஃபெஸ்ட் என்பது எக்ஸ்டென்ஷனின் பெயர், அனுமதிகள், எந்த வெர்ஷன் விதிப்படி எழுதியது என்பதையெல்லாம் பிரவுசருக்குச் சொல்லும் ஃபைல். கேட்டதற்கு, "உங்க சிஸ்டம்ல பிரச்சினை, குரோமை எடுத்துட்டு மறுபடி போடுங்க" என்றார்கள். போட்டும் அதே எரர். அப்புறம், "மேனிஃபெஸ்ட் வெர்ஷன் 2 என்று இருப்பதை 3 என்று மாற்றுங்கள், போதும்" என்று பதில் வந்தது.

அது போதவே போதாது. மேனிஃபெஸ்ட் 3 குரோமுக்கு வந்தது 2021 ஜனவரியில். 2022 ஜனவரியிலேயே குரோம் ஸ்டோர் புதிய மேனிஃபெஸ்ட் 2 எக்ஸ்டென்ஷன்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. 2025-இல் குரோமே அவற்றை ஓட்டுவதை நிறுத்தியது. டூல்பார் பட்டனுக்கு முன்பு 'பிரவுசர் ஆக்‌ஷன்' என்று எழுதினார்கள், இப்போது வெறும் 'ஆக்‌ஷன்'. பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த பேஜுக்குப் பதில், வேலை வரும்போது மட்டும் எழுந்து ஓடும் சர்வீஸ் வொர்க்கர் வந்துவிட்டது. வேலை இல்லாமல் சுமார் 30 விநாடி இருந்தால் அது நின்றுவிடும். வேரியபிளில் வைத்திருந்த எண்ணிக்கையெல்லாம் போய்விடும், ஸ்டோரேஜில் எழுதியிருந்தால்தான் மிஞ்சும். புதிதாகக் கற்பவருக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது. அவர்கள் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. தெரியாத பிள்ளைகள் தங்களுக்குத்தான் புரோகிராமிங் வரவில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

ஃபயர்ஃபாக்ஸ் பாடம் இன்னும் மோசம். 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தபோதே கைவிடப்பட்ட, எக்ஸ்டென்ஷன் எழுதும் பழைய முறையான ஸுலை (XUL) சொல்லித்தருகிறார்கள்.

கடைசியில் "பப்ளிஷிங் கட்டணம்" என்று 3,000 ரூபாய் கேட்டார்கள், அதுவும் அவர்கள் கணக்கில் வெளியிட. கொடுக்காதீர்கள். குரோம் ஸ்டோரில் டெவலப்பர் பதிவு வாழ்நாளுக்கு ஒரே முறை, 5 டாலர். ஃபயர்ஃபாக்ஸில் கட்டணமே இல்லை. வேறொருவர் கணக்கில் போட்டால், உங்கள் எக்ஸ்டென்ஷனுக்கு அப்டேட் அனுப்பும் உரிமை அவர்கள் கைக்குப் போய்விடும். நாளைக்கு அதில் எதைச் சேர்த்தாலும் நிறுவியவர்கள் எல்லோருக்கும் தானாகப் போய்ச் சேரும்.

பணம் கட்டும் முன் மாதிரி மேனிஃபெஸ்ட் ஃபைலைக் கேளுங்கள். குரோம் பாடம் என்றால் வெர்ஷன் 3 என்று இருக்க வேண்டும். சேரும் முன் கூகுளும் மொஸில்லாவும் இலவசமாக வைத்திருக்கும் கையேடுகளைப் பார்த்துவிடுங்கள். மாதிரி நிரல்களோடு இருக்கின்றன.

வீடியோவைத் திறந்துவிட்டதால் பணம் திரும்ப வராது என்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே போல மாட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள், புகாருக்குத் தேவைப்படும்.