'அன்லிமிடெட் ஹோஸ்டிங்' என்று 14,160 ரூபாய் வாங்கினார்கள், இப்போது என் கடைப் பெயரே என்னிடம் இல்லை

14,160 ரூபாய். ஹோஸ்டிங்குக்கு, அதாவது வெப்சைட்டை வைக்கிற சர்வர் இடத்தின் வாடகைக்கு, பன்னிரண்டாயிரம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மூன்று வருடத்துக்கு என்று சொல்லி மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். முதல் வருடம்கூட முழுதாக ஓடவில்லை. வெப்சைட் போய்விட்டது, பேக்கப் (அதன் நகல்) இல்லை, அட்டைப்பெட்டியிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்து வைத்திருக்கிற வெப்சைட் முகவரியும் என் கையில் இல்லை. நேற்று சாயங்காலம்தான் "எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று கடைசிப் பதில் வந்தது. அந்தச் சூட்டில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தானே கற்றுக்கொண்டு சின்னத் தொழிலுக்கு வெப்சைட் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். எதையெதைப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஏற்கெனவே மிரட்டிவிட்டார்கள். ஆள் எப்படி என்று மட்டும் சொல்கிறேன்: முகநூலில் விளம்பரம் ஓட்டி, போன் நம்பர் வாங்கி, டொமைனும் (வெப்சைட்டின் முகவரி) ஹோஸ்டிங்கும் சேர்த்து மலிவாக விற்கிற ரகம். சொந்தமாக சர்வர் கிடையாது. பெரிய இடத்தில் மொத்தமாக வாங்கி நம்மிடம் சில்லறையாக விற்கிறவர்கள்.

எனக்குச் சென்னிமலை. பெட்ஷீட், துண்டு, தலையணை உறை எல்லாம் தறிக்காரர்களிடம் எடுத்து வாட்ஸ்அப்பில் விற்றுக்கொண்டிருந்தேன். இந்தக் கலர் இருக்கிறதா, டபுள் காட் அளவா, கூரியர் எவ்வளவு என்று நாள் முழுக்க ஒரே பதிலை டைப் செய்து அலுத்துப்போய்த்தான் வெப்சைட் யோசனை வந்தது. ஆள் வைத்துச் செய்ய முப்பதாயிரம், நாற்பதாயிரம் கேட்டார்கள். அவ்வளவு முடியாது என்று யூடியூபைப் பார்த்து, வெப்சைட் கட்டுகிற மென்பொருளான வேர்ட்பிரஸை நானே பழகினேன். வேர்ட்பிரஸ் இலவசம், அதில் கடை போட வூகாமர்ஸும் இலவசம். காசு போட வேண்டியது டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும்தான். சரி, அதையாவது நல்ல இடத்தில் வாங்கலாம் என்று விளம்பரத்தில் நம்பர் கொடுத்தேன். அடுத்த அரை மணியில் போன்.

"நானும் பெருந்துறைதானுங்க அக்கா. தைப்பூசத்துக்கு வருசா வருசம் உங்க மலைக்கு வந்துருவேனுங்க." அந்தக் கம்பெனிப் பையன் இப்படித்தான் ஆரம்பித்தான். டிஎன்எஸ் என்றால் என்ன, நேம்சர்வரை எங்கே மாற்றுவது என்று நான் கேட்டதற்கெல்லாம் அலுக்காமல் பதில் சொன்னான். "நீங்க துணியப் பாருங்கக்கா, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க. இடம் அன்லிமிடெட், தினமும் பேக்கப், டொமைன் ஃப்ரீ, எஸ்எஸ்எல் ஃப்ரீ." பணம் அனுப்பும்போது அவன் சொன்னதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்: "அக்கா, ஓடிபி வந்தா யாருகிட்டயும் சொல்லாதீங்க, என்கிட்டகூடச் சொல்லாதீங்க. இப்பெல்லாம் ஏமாத்தறவங்க ஜாஸ்திங்க." இப்படிச் சொல்கிற பையன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? அந்த இடத்தில்தான் 14,160-ஐ ஜிபேயில் அனுப்பினேன்.

அந்த எஸ்எஸ்எல் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். சைட்டுக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் போகிற விவரத்தைப் பூட்டி அனுப்புகிற பாதுகாப்புச் சான்றிதழ் அது. பில்லில் 'மதிப்பு 3,000 ரூபாய், உங்களுக்கு இலவசம்' என்று போட்டிருந்தார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை உலகத்துக்கே சும்மா கொடுக்கிறது. காலாவதி ஆவதற்கு முன்பே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்துவிடலாம். நமக்குச் சும்மா கிடைப்பதையே நமக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள்.

முதல் சில மாதம் ஒரு குறையும் இல்லை. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பெட்ஷீட்டுக்கும் நாலைந்து படம், அளவு, துவைக்கிற முறை என்று ஏற்றினேன். பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் ஆர்டர் வந்தது. தீபாவளி நெருங்குகிற சமயம் ஒருநாள் காலையில் சைட்டைத் திறந்தால் வெள்ளைப் பக்கம். கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி.

பையனுக்குப் போன் போட்டால், "மீட்டிங்ல இருக்கேனுங்க அக்கா". மத்தியானம், "டீம்ல கேட்டுச் சொல்றேனுங்க". சாயங்காலம் ரிங் போகவில்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில் அவன் போட்டோ மறைந்துவிட்டது, பிளாக் பண்ணிவிட்டான். கம்பெனியின் சப்போர்ட்டில் டிக்கெட் (எழுத்தில் புகார்) போடச் சொன்னார்கள். போட்டேன். ஒவ்வொரு பதிலும் வேறு வேறு பெயரில் வரும், ஆனால் உள்ளே இருப்பது எழுத்து மாறாமல் அதே பத்தி. நான் ராத்திரி தூங்கப் போனால், 'வாடிக்கையாளரிடமிருந்து பதில் இல்லை' என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். காலையில் புது டிக்கெட், மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

கடைசியாகக் காரணம் சொன்னார்கள்: ஐனோட் அளவைத் தாண்டிவிட்டீர்கள். ஐனோட் என்றால் கோப்புகளின் எண்ணிக்கை. இடம் அன்லிமிடெட்தான், ஆனால் 50,000 கோப்புக்கு மேல் வைக்கக் கூடாதாம். கல்யாண மண்டபம் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எடுத்துக்கொள், ஆனால் இலை இத்தனைதான் போடுவோம் என்பது மாதிரி. வேர்ட்பிரஸ் என்ன செய்யும் தெரியுமா? நாம் ஏற்றுகிற ஒரு படத்தை வெட்டி வெட்டிப் பல அளவில் சேமித்துக்கொள்ளும். வூகாமர்ஸ் தன் பங்குக்கு இன்னும் சில அளவு. போனில் எடுத்த ஒரு பெரிய படம் பத்துக் கோப்பு போல ஆகிவிடும். பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கிற 'கேஷ்' பிளகின் (கூடுதல் மென்பொருள்) போட்டால் அது தனியாகக் குவிக்கும், மெயில் பெட்டியில் கிடக்கிற ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு. துணிக்கடை சைட்டில் படம் போடாமல் என்ன போடுவார்கள்? சைட் வேகமாக இருக்க அந்தக் கேஷ் பிளகினைப் போடச் சொன்னதே அந்தப் பையன்தான்.

பேக்கப்பைக் கொடுங்கள், வேறு இடத்துக்குப் போகிறேன் என்றேன். ஐனோட் அளவைத் தாண்டிய கணக்குகளுக்கு பேக்கப் எடுக்க மாட்டோம் என்று விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருக்கிறதாம். 'தினமும் பேக்கப்' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்து, இது எறும்பு எழுத்து. ஒன்பதாயிரம் கட்டி பிளானை உயர்த்தினால் திறந்துவிடுவோம் என்றார்கள். முதலில் 14,160-க்குக் கணக்குச் சொல்லுங்கள் என்று நான் நின்றேன். அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, நிறுத்தி வைத்த கணக்கை அழித்துவிட்டோம் என்று மெயில் வந்தது. மாதக்கணக்கில் ராத்திரி கண் விழித்து ஏற்றினது எல்லாம் அதோடு போச்சு.

சரி, டொமைனையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தேன். டொமைன்களுக்கு விதி போடுகிற உலக அமைப்பான ஐகானின் தளத்தில் டொமைனைப் போட்டுத் தேடினால், விவரத்தை மறைத்து வைக்கவில்லை என்றால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். பதிவு செய்தவர் இடத்தில் என் பெயர் இல்லை, அவர்கள் கம்பெனி பெயர்! டாட் காம் ஒன்றை நம் பெயரில் பதிந்தால், மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி பொதுவாக நமக்கு ஒரு மெயில் வரும், 15 நாளுக்குள் அதில் இருக்கிற இணைப்பை அழுத்த வேண்டும். எனக்கு அப்படி ஒரு மெயில் வரவே இல்லை. வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிற டொமைனை 'ஃப்ரீ' என்று கொடுத்து, அதை அவர்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். மாற்றித் தரச் சொன்னால் 'ரிலீஸ் சார்ஜ்' ஐயாயிரமாம். என் பெயரில் இருந்திருந்தால், டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றுவதற்கான குறியீட்டைக் கேட்ட ஐந்து நாளுக்குள் தந்தாக வேண்டும் என்பது ஐகான் விதி. அந்த விதி பதிவு செய்தவருக்குத்தான், எனக்கு இல்லை. இவர்களுக்கு மேலே இருக்கிற, டொமைனைப் பதிவு செய்கிற பெரிய கம்பெனிக்கு (ரெஜிஸ்ட்ரார்) எழுதினேன். உங்களுக்கு விற்றவரைக் கேளுங்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள்.

நேற்று வந்த கடைசிப் பதிலின் வெட்கம்கெட்டதனத்தைக் கேளுங்கள். நான் வியாபாரம் செய்கிறேனாம், அதனால் நுகர்வோரே இல்லையாம், நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்தாதாம். 2019 சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் பிழைப்புக்காகத் தானே செய்கிற சுயதொழிலுக்கு மட்டும் வாங்கிய பொருள் அந்த வணிக நோக்கத்தில் சேராது என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. பொருளுக்குச் சொன்னது ஹோஸ்டிங் மாதிரி சேவைக்கும் பொருந்த வேண்டும் என்பது என் வாதம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்ஷீட் மடிக்கிற நான் சுயதொழில் இல்லாமல் வேறு என்ன? பாதியைப் படித்துவிட்டு மீதியை மறைத்துப் பதில் எழுத ஆள் வைத்திருக்கிறார்கள், சைட்டைத் திறக்க ஆள் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் சரியாகவில்லை என்றால் ஈரோடு நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. 14,160-க்கு எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்தக் காசுக்கு எத்தனை பெட்ஷீட் விற்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன், கூரியர்காரர் வாசலில் நிற்கிறார், அதனால் அவசரமாக: டொமைனை ஹோஸ்டிங்கோடு சேர்த்து வாங்காதீர்கள், தனியாக உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றைக்கே யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அன்லிமிடெட் என்று யாராவது சொன்னால் ஐனோட் எவ்வளவு என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள். பேக்கப் அவர்கள் எடுப்பார்கள் என்று இருக்காமல் அப்டிராஃப்ட்பிளஸ் மாதிரி ஒரு பிளகினைப் போட்டு உங்கள் கூகுள் டிரைவில் வந்து விழும்படி வையுங்கள். அப்புறம், பெட்டியில் முகவரி அச்சடிப்பதெல்லாம் டொமைன் உங்கள் பெயரில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு. என்னிடம் இன்னும் ஒரு கட்டு அட்டைப்பெட்டி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் அந்த முகவரி மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.